தாவீதின் வீடும் தாராபுரத்து வீடும்

என் மாமனாருக்கு இரண்டு வம்ச வரிசைகள் மனப்பாடம். ஒன்று ஆபிரகாமில் தொடங்கி, தாவீது ராஜா வழியாக இறங்கி, இயேசுவில் முடிவது. இன்னொன்று, பருத்தி மூட்டை ஏற்றிப் போன ஒரு மாட்டுவண்டிக்காரரில் தொடங்கி, தாராபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முடிவது. முதலாவதைக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் சொல்வார். இரண்டாவதை, ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், வேட்டியைக்கூட மாற்றாமல் சொல்வார். இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே மிடுக்கு. ராஜாக்களையும் வண்டிக்காரரையும் அவர் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவர் உரக்கடை வைத்திருந்தவர். எந்தத் தோட்டத்துக்காரர் எந்த வருசம் எத்தனை மூட்டை யூரியா வாங்கினார் என்பதே நினைவில் இருக்கும் மனிதருக்கு, வேதத்தில் வரும் நாற்பது சொச்சம் பேர் ஒரு பொருட்டா? பைபிளைக் கையில் எடுக்காமலே பிரசங்க மேடைக்குப் போவார். கண்ணை மூடிக்கொள்வார். இவர் அவரைப் பெற்றார், அவர் இன்னொருவரைப் பெற்றார் என்று தாராபுரம் பஸ் குண்டடம் தாண்டியதும் எடுக்கும் வேகத்தில் போவார். எங்காவது தட்டுவாரா என்று இளவட்டங்கள் திறந்த பைபிளில் விரல் வைத்துக் காத்திருப்பார்கள். தட்டவே மாட்டார்.

கோயிலில் அந்தப் பட்டியலைக் கேட்டுத் தூங்காதவர்கள் குறைவு. நானே தூங்கியிருக்கிறேன். ஆனால் அது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை, ஒரு வாக்கு நிறைவேறியதற்கான சாட்சி என்பார் மாமா. தாவீது ராஜா கடவுளுக்கு ஒரு வீடு கட்ட ஆசைப்பட்டான். கடவுளோ, நீ எனக்குக் கட்ட வேண்டாம், நான் உனக்கு ஒரு வீடு கட்டுகிறேன், உன் சந்ததியின் சிங்காசனம் என்றைக்கும் நிற்கும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன ஆனது? நாடு போனது, அரண்மனை போனது, சிங்காசனத்தில் உட்கார ஆளில்லாமல் போனது. அப்படியும் அந்த வாக்கு அழியாமல் பெயர் பெயராக நகர்ந்து வந்து, கடைசியில் நாசரேத்தில் ஒரு தச்சன் வீட்டுக் கதவைத் தட்டியது. இதைச் சொல்லும்போது மாமாவுக்குக் கண் கலங்கிவிடும். உர மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த கையால் துடைத்துக்கொள்வார்.

வீட்டு வரிசைக்கு வருகிறேன். அதில்தான் என் வயிற்றெரிச்சல் இருந்தது.

கூடத்தில் மாமா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம். பச்சரிசியும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்டு எடுக்கிற பலகாரம் அது. பேரப்பிள்ளைகள் எதிரே வரிசையாக நிற்பார்கள். வண்டிக்காரர் பெயரில் தொடங்குவார். முதன்முதலில் ஞானஸ்நானம் வாங்கியவர் அவர். பிறகு அவர் மகன், பேரன் என்று இறங்கி, தன் பெயரைச் சொல்லி, தன் பிள்ளைகளுக்கு வந்து, அவர்களுடைய பிள்ளைகளைக் கூப்பிடுவார். பெயர் விழுந்ததும் அந்தப் பிள்ளை ஓரடி முன்னால் வந்து "இருக்கேனுங்க" என்று சொல்ல வேண்டும். தலையில் கை வைத்து ஆசீர்வாதம், கையில் ஒரு கச்சாயம். ஜெபம் முடியும்வரை வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம். எந்தப் பிள்ளை அந்தச் சட்டத்தை மதித்தது என்று கேட்காதீர்கள்.

என் கணவர் மூத்த மகன். கோயமுத்தூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகிப் பல வருசம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. மாமா வரிசை சொல்லும்போது என் கணவரின் பெயர் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு இளைய மகனின் பெயருக்குப் போய்விடுவார். கொழுந்தனாரின் மகன் முதல் கச்சாயத்தை வாங்குவான். அந்த ஒரு மூச்சு இடைவெளிக்காகவே எனக்குக் கிறிஸ்துமஸ் கசந்தது. என் கணவர் அந்த நேரத்துக்குச் சரியாகச் சட்டைப் பொத்தானைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு பெண் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லத்திலிருந்து, உட்காரப் பழகியிருந்த வயதில் வந்தாள். நாங்கள் தொட்டிலருகே போனபோது அவள் எங்களைப் பார்க்கவில்லை, என் கணவரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள். பிடுங்கினாள். கண்ணாடியின் ஒரு காம்பு வளைந்துபோனது. அந்தக் கோணல் கண்ணாடியை அவர் அதற்கப்புறம் நிமிர்த்தவே இல்லை. கேட்டால் "நல்லாத்தானே இருக்குது" என்பார்.

வக்கீல்தான் எங்களை உட்காரவைத்து நிலவரத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பக்கத்து வீட்டு இந்துத் தம்பதி எடுத்தால் அது அவர்களுக்கு மகள். நாங்கள் எடுத்தால் நாங்கள் அவளுக்குக் கார்டியன், அவ்வளவுதான். கோர்ட்டும் அப்படித்தான் உத்தரவு போட்டது. கார்டியன் என்றால் ஹாஸ்டலில் சேர்க்கும்போது கையெழுத்துப் போடுகிற தாய்மாமன் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். படியிறங்கி வரும்போது நான் சட்டத்தையும் அதை எழுதியவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். என் கணவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "உடு. ஊட்டுல சொல்றதுதான் கணக்கு" என்றார்.

வீட்டில் சொல்வதுதான் கணக்கு. ஆனால் வீட்டில் சொல்லவில்லையே.

அந்த வருசக் கிறிஸ்துமஸுக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் போனோம். மாமா அவளைக் கீழே விடவில்லை. கடைக்குத் தூக்கிப் போனார், அமராவதி ஆற்றில் தண்ணீர் போவதைக் காட்டினார், அவிச்ச நிலக்கடலையை நசுக்கி ஊட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுநாள் கூடத்தில் வரிசை சொன்னார். என் கணவரின் பெயர் வந்தது. ஒரு மூச்சு நிறுத்தினார். இளைய மகனுக்குப் போய்விட்டார். பாப்பா என் மடியில்தான் இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்பது அந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கணவரின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சட்டைப் பொத்தானைப் பார்க்கவில்லை. தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார், சின்னப் பையன் பரீட்சை பேப்பருக்குக் காத்திருப்பதுபோல. பஸ்ஸில் திரும்பும்போது பல்லடம் வரை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஒரே ஒருக்கா அவ பேரச் சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் அப்பாவைப் பற்றிக் குறையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான்.

அடுத்த வருசம் நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று கடிதம் எழுதினார் கணவர். அவள் திண்டுக்கல் பூட்டு மாதிரி கிண்ணென்று இருந்தாள்.

அதற்கப்புறம் வந்த கோடையில் மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன். எங்கள் வீட்டில்தான் தங்கினார். ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு ராஜா மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பாப்பாவுக்கு அப்போது நன்றாகப் பேச்சு வந்திருந்தது. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் "அப்பாரு" என்போம். அவள் நாளெல்லாம் "அப்பாரு, அப்பாரு" என்று அவர் மேலேயே கிடந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரத்தை எனக்கு முன்னால் அவள் நினைவுபடுத்துவாள்.

படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மாலையில் நான் வேதம் வாசிக்க வேண்டும், மாமா கேட்பார். எந்தப் பகுதி என்று அவரே சொல்வார். ஒருநாள் தாவீதுக்குக் கடவுள் வாக்குக் கொடுத்த இடத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உன்னிலிருந்து பிறக்கும் சந்ததியை நிலைநிறுத்துவேன் என்று வரும் இடத்தில் மாமா தலையை ஆட்டினார். நான் புத்தகத்தை மூடினேன்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மணி."

"நீங்க கோயில்ல சொல்ற வரிசை யாருகிட்ட வந்து முடியுதுங்க?"

"யேசப்பாகிட்ட."

"அதுக்கு முன்னால?"

எங்கே கொண்டுபோகிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. உரக்கடைக்காரரிடம் பேரம் பேச முடியுமா?

"யோசேப்பு" என்றார். பிறகு வேகமாக, "மரியாளும் தாவீது வம்சந்தான். ரத்தம் அந்த வழியில வந்துருச்சு" என்றார்.

"அது சரிங்க. அப்படீன்னா மரியாள் ஊட்டு வரிசையச் சொல்லோணும். இத்தன பேரச் சொல்லிக்கிட்டு வந்து, பெக்காத மனுசன்கிட்ட கொண்டுவந்து எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"எழுதியிருக்கறதத்தான் நான் சொல்றன்."

"எழுதியிருக்கறதத்தான் நானுங் கேக்கறனுங்க. நம்ம கோர்ட்டுச் சட்டப்படி பாத்தா யோசேப்பு வெறுங் கார்டியனுங்க மாமா. கார்டியன் வழியா ராஜ்ஜியமே வந்திருக்குது. நம்ம ஊட்டுக்கு ஒரு கச்சாயம் வராதுங்களா?"

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. கதவருகே என் கணவர் நின்றிருந்தார். அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்திருக்கிறார். மாமா எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், "நான் கர்த்தர் முன்னால நின்னு சொல்றது அது. ரத்தம் இல்லாதத ரத்தம்னு சொன்னாப் பொய்யாயிருமுல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. இத்தனை நாள் அவர் மனசு கல் என்று நினைத்திருந்தேன். மனுசன் ஜெபத்தில் பொய் சொல்லப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் மாலை அவராகவே கூப்பிட்டார். "அம்மணி, யோசேப்புக்குக் கனவு வருமே, அந்த எடத்தப் படி."

வாசித்தேன். தேவதூதன் அந்தத் தச்சனைத் தாவீதின் மகனே என்று கூப்பிடுகிறான். அரண்மனை இல்லை, கிரீடம் இல்லை, கையில் உளி பிடித்த மனிதனை அப்படிக் கூப்பிடுகிறான். பயப்படாதே, அவளைச் சேர்த்துக்கொள், பிறக்கும் பிள்ளைக்கு நீ பெயர் வை என்கிறான். யோசேப்பு விழித்து எழுந்து சொன்னபடி செய்கிறான்.

"இன்னொருக்கா படி."

படித்தேன்.

"பேரு வெக்கச் சொல்றதுதான, அந்த எடம் மட்டும்."

அதையும் படித்தேன். "ம்" என்றார். பிறகு ரசம் சாதம் கேட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. கண்ணாடி மாற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் கணவர் தாராபுரம் போகலாமா என்று கேட்டபோது நான் தயங்கினேன். பாப்பாவுக்கு இப்போது எல்லாம் புரியும். மற்ற பிள்ளைகளுக்குக் கிடைப்பது தனக்குக் கிடைக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். "இந்தத் தடவையும் இல்லைன்னா, இனிமே நம்ம மூணு பேரும் இங்கயே கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கலாம்" என்று அவரே சொன்னார். அப்பாவை விட்டு ஒரு கிறிஸ்துமஸ் என்பது அந்த மனிதருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். போனோம்.

விடியும் முன்பே ஆராதனை. மாமா மேடையேறிக் கண்ணை மூடினார். ஆபிரகாமிலிருந்து பிடித்தார் ஓட்டம். தாவீது வந்தான், சாலொமோன் வந்தான், ராஜாக்கள் முடிந்து பெயர் தெரியாத மனிதர்கள் வந்தார்கள். யோசேப்பு என்றார். நின்றுவிட்டார்.

கோயில் முழுக்கத் தூக்கம் தெளிந்தது. இத்தனை வருசத்தில் நடக்காதது நடந்துவிட்டது. விரல் வைத்துக் காத்திருந்த இளவட்டம் ஒருவன் அடுத்த வரியைச் சத்தமாக எடுத்துக் கொடுத்தான். சபைப் போதகரான ஐயர் தன் பைபிளைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்தார். மாமா கையைக் காட்டி இருவரையும் உட்கார வைத்தார். கண்ணைத் திறந்தார். இயேசு என்று நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு இறங்கினார். "அப்பாவுக்கு வயசாகிப்போச்சு" என்று என் கணவர் கவலையோடு முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் நாற்காலி, தூக்குப்போசி, வரிசையாகப் பிள்ளைகள். நான் பாப்பாவை என் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். மாமா வண்டிக்காரரிலிருந்து தொடங்கினார். தன் பெயர் வந்தது. என் கணவர் பெயர் வந்தது. பழக்க தோஷம் என்பது பொல்லாதது. வருசக்கணக்காக எப்படிச் சொன்னாரோ அப்படியே, மூச்சு விட்டு, இளைய மகனின் பெயருக்குத் தாவிவிட்டார். கொழுந்தனார் மகன் "இருக்கேனுங்க" என்று வந்து கச்சாயத்தை வாங்கி, வாங்கின கையோடு ஒரு கடி கடித்தான்.

போதும், பையை எடு என்று கணவரிடம் சொல்லத் திரும்பினேன். அதற்குள் பாப்பா என் கையை உதறிவிட்டு ஓடி வரிசையில் நுழைந்துவிட்டாள். அண்ணன் நின்ற இடத்தில் நின்று, வீடே அதிரக் கத்தினாள்: "நானும் இருக்கேனுங்க, அப்பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தப்பு செஞ்சுபோட்டேன் கண்ணு. காலைல இருந்து மனசுல சொல்லிச் சொல்லி வெச்சிருந்தன், வாயி பழசுக்கே போயிருச்சு." பிறகு பேரனைப் பார்த்தார். "டேய், கச்சாயத்தத் திருப்பிக் குடு."

"ஏனுங்க அப்பாரு?"

"மூத்தவன் ஊட்டுப் புள்ள இருக்கறப்ப நீ எப்படிறா மொதல்ல வந்த? வரிசை தப்பாயிருச்சு. மொதல்ல இருந்து சொல்லோணும்."

"கடிச்சுட்டனுங்களே."

"கடிச்சது போக மிச்சத்தப் போசில போடு."

அவன் போட்டான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் வண்டிக்காரரிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஓடவில்லை. ஒவ்வொரு பெயராக வைத்து வைத்து வந்தார். என் கணவரின் பெயரைச் சொன்னார். மூச்சு நிறுத்தவில்லை. அதே மூச்சில் என் மகளின் பெயரைச் சொன்னார். ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து, முழுசாக, கோயிலில் ராஜாக்களின் பெயரைச் சொல்வாரே, அந்தக் குரலில்.

அவள் பதில் சொல்லவில்லை! இவ்வளவு நேரம் கூரை பறக்கக் கத்தினவளுக்கு, எல்லோரும் தன்னையே பார்த்ததும் வெட்கம் வந்துவிட்டது. ஓடிப் போய் அப்பாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் குனிந்து கெஞ்சினார். அவள் அசையவில்லை.

"புள்ளைக்கு வெக்கம். நீ சொல்றா" என்றார் மாமா.

என் கணவர் நிமிர்ந்தார். மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை, ஆனால் காற்றுதான் வந்தது. "இருக்காளுங்கப்பா" என்றார்.

"கேக்கல."

"இருக்காளுங்கப்பா!" என்று கத்தினார். கத்திவிட்டு, அத்தனை பேர் முன்னால், கோணல் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஓரகத்திதான் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். மாமா எழுந்து வந்தார். வேட்டியில் புதைந்திருந்த தலையில் கையை வைத்தார். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு இன்னொரு கையை மகனின் தலையில் வைத்தார்.

மற்ற பிள்ளைகளின் பெயர்களும் முறைப்படி வந்தன. கச்சாயம் தீர்ந்தது. எல்லோரும் பிரியாணிக்குப் போகும்போது, கொழுந்தனார் மகன் மட்டும் நாற்காலிப் பக்கத்திலேயே நின்றான். பாவம், பதவி போன துக்கம்.

"அப்பாரு, அடுத்த வருசமும் இவதான் மொதல்லயுங்களா?"

"ஆமா."

"அதுக்கு அடுத்த வருசம்?"

"அப்பவும்."

"அப்ப எப்பத்தானுங்க நான் மொதல்ல?"

மாமா போசியைத் துழாவினார். அடியில் அவன் கடித்துப் போட்ட துண்டு மட்டும் கிடந்தது. எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"நீ எப்பவும் ரெண்டாவதுதாண்டா. அவ என்னிக்கும் மொதல்லதான். நான் போன பொறவு இந்த நாற்காலில உக்காந்து நீ வரிசை சொன்னாலும், அவ பேரத்தான் மொதல்ல சொல்லோணும், தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க" என்றான் அவன், கச்சாயத்தை மென்றுகொண்டே.